எறிவதற்காகத் தைத்த சாக்கு

எறிவதற்கென்றே இரும்பில் சாமான் செய்து தரச் சொன்ன ஆளை அப்பா அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் கைபட்டதெல்லாம் ஓரிடத்தில் வைத்தால் அசையாமல் நிற்க வேண்டிய சாமான்கள். தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு, ஷெட்டுக்குத் தூண், மாடிப்படிக்குக் கைப்பிடி. துபாயில் அல் கூஸ் பகுதியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் அவர் சூப்பர்வைசர். காரில் போகும்போது ஏதாவது ஒரு கட்டடத்தைக் காட்டி, அதன் மொட்டைமாடியில் நம்ம ஆட்கள் செய்த ஸ்டாண்டுதான் நிற்கிறது என்பார். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் நானும் அம்மாவும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்போம்.

அந்த ஜனவரியில் ஒரு சாயங்காலம் அவர் கராமாவில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பட்டறையின் பெரிய மேனேஜர் கைப்பட வரைந்து கொடுத்த படங்கள். அவர் ஸ்காட்லாந்துக்காரர், கழுத்து எப்போதும் சிவந்திருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்துவிட்டு அந்த மார்ச்சில் ஊருக்கே போகப் போகிறார். போவதற்கு முன்னால் கம்பெனி பேமிலி டேயில் தன் ஊர் விளையாட்டுகளை ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவருடைய ஊரில் அறுவடை முடிந்ததும் ஆட்கள் கூடிக் கனமான சாமான்களை எறிவார்களாம். யார் தூரமாக எறிகிறார், யார் உயரமாக எறிகிறார் என்பதுதான் போட்டி.

அப்பா தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து எனக்குக் காட்டினார். ஒரு சுத்தியல், பதினாறு பவுண்டு. சங்கிலியும் வளையமும் வைத்த இரண்டு எடைக்கட்டிகள், ஒன்று இருபத்தெட்டு பவுண்டு, இன்னொன்று ஐம்பத்தாறு. கடைசியில் ஒரு சாக்கு மூட்டை, அதைக் குத்தித் தூக்கி எறிய இரண்டு பல் வைத்த நீளமான ஒரு கவைக்கோல். முழு மரம் ஒன்றையும் வரைந்து மேலே கோடு போட்டு அடித்திருந்தது. மரத்தைத் தூக்கி எறிவதற்கு மட்டும் சேஃப்டி ஆபீசர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

“சுத்தியல் கடையிலேயே கிடைக்குமே அப்பா” என்றேன்.

“நானும் அதைத்தான் சொன்னேன். அது வேற சுத்தியலாம்.”

உள்ளறையில் அம்மா படுத்திருந்தாள். அப்பா குரலைக் கொஞ்சம் உயர்த்தி, “இங்க பாரு, எறியறதுக்கு இரும்பு கேக்கறாங்க” என்றார். அவர் தாளை மறுபடி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது. எனக்குப் பத்து வயது. அதற்கு முந்தைய நவம்பரில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும்போது வயிற்றில் பாப்பா இருந்தது. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோது இல்லை. என்னை மடியில் உட்கார வைத்து அப்பா சொன்னது இரண்டே வார்த்தை: “பாப்பா வரல.” ஏன் வரவில்லை, எப்போது வரும் என்று நான் கேட்டதற்கு அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. பாப்பாவுக்காக என் பொம்மைக் கூடையைக் காலி பண்ணிக் கொடுத்திருந்தேன். அறையில் என் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். இவ்வளவும் செய்த பிறகு, வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? என்னிடம் யாரும் ஒரு ஸாரிகூடச் சொல்லவில்லை.

அம்மா சமைத்தாள், என்னை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றினாள், மற்ற நேரமெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பீரோவின் கீழ்த்தட்டை யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லாமலே ஒரு சட்டம் இருந்தது. அங்கேதான் பாப்பாவின் துணிகள் இருந்தன. அம்மாவின் பழைய நூல் சேலைகளையும் அப்பாவின் வேட்டிகளையும் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, நான்கைந்து முறை துவைத்துக் காயவைத்து மெத்தென்று ஆக்கிய சதுரச் சதுரமான துணிகள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட கவுன்களும் சட்டைகளும் அவற்றோடு இருந்தன. பிறப்பதற்கு முன்னால் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை லீவு நாட்களில் அப்பா என்னைப் பட்டறைக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தார். “அம்மா தூங்கட்டும்” என்பார். லீவு நாளில் அங்கே மெஷின் எதுவும் ஓடாது. அப்பா, நான், வெல்டர் மாமா மூன்று பேர்தான். வெல்டர் மாமா சிவகங்கைப் பக்கத்து ஆள், பக்கத்திலேயே லேபர் கேம்ப்பில் இருந்தார். அப்பாவை அண்ணே என்பார், அம்மாவை மதினி என்பார். என்னை எப்போதும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நவம்பருக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் குட்டி என்றார். பட்டறையில் மறுபடியும் பாப்பா. பெரியவர்களுக்கு ஞாபகமறதி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் சுத்தியல். மோட்டார் ஷாஃப்ட் ஒன்றை வெட்டியபோது மிச்சமான உருட்டுத் துண்டை எடுத்து நடுவில் துளை போட்டார்கள். என் மார்பு உயரத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் பைப்பை வெட்டி அதில் செருகினார்கள். வெல்டர் மாமா பட்டறைக்கு வெளியே யார்டு நடுவில் கால்களை அகட்டி நின்று, தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றி விட்டார். பைப் அவர் கையிலேயே இருந்தது. தலை மட்டும் பறந்து போய் நீலத் தண்ணீர் டிரம்மில் அடித்தது. டிரம் பொத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றியது. கேட்டில் இருந்த பாகிஸ்தான் வாட்ச்மேன் ஓடி வந்து, “க்யா ஹுவா பாய்?” என்றார்.

“குச் நஹி பாய், விளையாட்டு. கேம், கேம்” என்றார் மாமா, வெறும் பைப்பைக் கையில் பிடித்தபடி.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். சத்தமாகச் சிரித்தவர் நடுவில் அப்படியே நிறுத்திக்கொண்டு போனை எடுத்து, அம்மா கூப்பிட்டிருக்கிறாளா என்று பார்த்தார். கூப்பிடவில்லை.

பிறகு துளையைக் கூம்பாக்கி, பைப்பின் நுனியைச் சூடு காட்டி விரித்து, ஆப்பு அடித்து இறுக்கினார்கள். இந்தமுறை தலை நின்றது. எடைக்கட்டிகள் அவ்வளவு கஷ்டமாக இல்லை. பருமனான குழாய்த் துண்டின் ஒரு பக்கத்தை மூடி, டிரில் போட்டதில் விழுந்த சின்னச் சின்ன இரும்புத் துணுக்குகளை நிரப்பினார்கள். தராசில் வைத்து, கூடினால் ஒரு கை எடுப்பதும் குறைந்தால் ஒரு கை போடுவதும் என் வேலை. இருபத்தெட்டு பவுண்டு என்றால் பன்னிரண்டே முக்கால் கிலோ என்று அப்பா சொல்லியிருந்தார். முள் சரியாக வந்ததும், முடிந்தது என்பதற்கு நான் “கலாஸ்!” என்று கத்துவேன். மாமா மூடியை வெல்டு வைத்துச் சங்கிலி கோப்பார்.

சின்ன எடைக்கட்டி முடிந்த அன்றைக்கு மத்தியானம் மாமாதான் சொன்னார். “அண்ணே, நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்க.”

அப்பா எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை. பூங்காவில் என்னோடு பந்து விளையாடினால்கூட மெதுவாக உருட்டித்தான் விடுவார். அன்று வளையத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். நான்கு அடிகூடப் போகவில்லை. போய் எடுத்து வந்தார். மறுபடி எறிந்தார். மறுபடி போனார். நாலாவது தடவையிலிருந்து மாமா ஓடிப்போய் எடுத்து வந்து கொடுக்க ஆரம்பித்தார். அப்பா எறிந்துகொண்டே இருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. இரும்பு விழுந்து விழுந்து அந்த இடத்தில் மண் குழிந்தது. எறியும்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பாரம் தூக்குகிறவர்கள் போடும் சத்தம் மாதிரி. நான் நிழலில் உட்கார்ந்து முப்பது வரை எண்ணினேன். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் வளையம் நழுவி அவர் பூட்ஸ் பக்கத்திலேயே விழுந்தது. மாமா வந்து அதை எடுக்காமல், அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

“போதும்ணே. வாங்க, தண்ணி குடிங்க.”

அப்பா கைக்குட்டையால் முகத்தை வெகுநேரம் துடைத்தார். வெல்டு பிடிக்கிறதா என்று சோதனை பார்த்திருக்கிறார், நல்ல சூப்பர்வைசர் என்று நான் பெருமைப்பட்டேன். திங்கட்கிழமை பள்ளியிலும் அதைச் சொன்னேன்.

கடைசியில் சாக்குதான் வம்பு பண்ணியது. ஸ்காட்லாந்தில் அதற்குள் வைக்கோல் அடைப்பார்களாம். எதை அடைத்தாலும் சரி, ஏழேகால் கிலோ இருக்க வேண்டும், மெத்தென்று இருக்க வேண்டும், கவைக்கோல் குத்தினால் பிடிக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மணலைப் போட்டுப் பார்த்தார்கள், ஒரே எறியில் கிழிந்தது. ஸ்பாஞ்சைப் போட்டால் எடை வரவில்லை. துணிதான் சரி என்று முடிவாயிற்று. மெஷின் துடைக்கப் பட்டறைக்கு மூட்டை மூட்டையாகக் கழிவுத் துணி வரும், அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சாக்கின் வாயைத் தைக்க ஆள் இல்லை. அங்கே இருந்தவர்களுக்கு இரும்போடு இரும்பை ஒட்டத் தெரியும், ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

அப்பா கராமா கடையில் ஒரு சணல் சாக்கும் கோணி ஊசியும் சணல் கயிறும் வாங்கி வந்து அம்மாவின் கட்டில் பக்கத்தில் வைத்தார்.

“நாளைக்கு வேஸ்ட் துணி கொண்டு வர்றேன். வாயை மட்டும் தைச்சுக் கொடுத்துடு. முடியலைன்னா சொல்லு, வேற யாரையாவது பாக்கறேன்.”

அம்மா திரும்பிப் பார்த்தாள். சாக்கை இழுத்து, நூல் இழையை விரலால் நெருடிப் பார்த்தாள். “இது தாங்குமா?” என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவளாகக் கேட்ட ஒரு கேள்வி. அப்பா உடனே கட்டிலில் உட்கார்ந்து, மேனேஜர், போட்டி, கம்பத்தின் உயரம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் ஸ்கூல் விட்டு வந்தபோது அம்மா ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாக்கு முன்னால் விரிந்திருந்தது. பீரோவின் கீழ்த்தட்டு திறந்து காலியாக இருந்தது. துணிகளெல்லாம் அவளைச் சுற்றி அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தருகே ஒரு கணம் வைத்து, சாக்குக்குள் விட்டாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள், தட்டும் காலியாகிவிட்டது. பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு நானும் அள்ளி அள்ளிப் போட்டேன். நன்றாக அமுங்கட்டும் என்று சாக்கின் மேல் ஏறிக் குதித்தேன்.

“மிதிக்காதே!”

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. இறங்கி நின்றேன். பிறகு அவளே மெதுவான குரலில், “எடை பாக்கலாம் வா” என்றாள்.

பாத்ரூம் வாசலில் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. முதலில் வெறும் ஆளாக ஏறி நின்றாள். பிறகு சாக்கை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினாள். நான் குனிந்து எண்ணைப் படித்து, மனதுக்குள் கழித்துச் சொன்னேன். “டூ பாயின்ட் எய்ட்தான் அம்மா. இன்னும் நாலரை கிலோ வேணும்.”

அம்மா இறங்கவில்லை. சாக்கின் மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள். எண்கள் அணைந்துபோயின.

“அம்மா, பாத்தாச்சு. இறங்கு.”

“இருடி” என்றாள். அவள் உடம்பு இலேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. கனமாக இருக்கிறதாக்கும் என்று சாக்கின் அடியை நானும் தாங்கிப் பிடித்தேன்.

அதன் பிறகு இரண்டு சேலை, துண்டுகள், ஒரு போர்வை என்று போட்டு எடையைச் சரிக்கட்டினோம். அப்பா வந்தபோது அம்மா கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் மூட்டை இருந்தது. சாக்கைப் பார்த்தார், திறந்திருந்த பீரோவைப் பார்த்தார்.

“வேஸ்ட் துணி கொண்டு வந்திருக்கேனே...”

“எடை சரியா இருக்குங்க” என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

“அதுக்கில்ல. அதை எடுத்துட்டு இதைப் போட்டுடலாம்.”

“குப்பையில போட மனசு வரல. இன்னொருத்தருக்குக் கொடுக்கவும் முடியாது. இதுலயாவது இருக்கட்டும்.” சணல் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்பா மூட்டையை வாசலிலேயே வைத்துவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றார்.

பேமிலி டே ஒரு வெள்ளிக்கிழமை. யார்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, ஒரு பக்கம் பந்தல் போட்டிருந்தார்கள். பிரியாணி, கயிறு இழுக்கிற போட்டி, குழந்தைகளுக்கு ஸ்பூனில் எலுமிச்சம்பழம். பெரிய மேனேஜர் கட்டம் போட்ட பாவாடையும் முழங்கால்வரை சாக்ஸும் போட்டுக்கொண்டு வந்து இறங்கியதும் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“பாவாடை இல்லடா” என்று வெல்டர் மாமா பக்கத்தில் இருந்தவனை அதட்டினார். “அது அவுக ஊரு கைலி. சிரிக்காம நில்லு.”

அம்மா பெண்கள் வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் பட்டுச்சேலை கட்டியது அன்றைக்குத்தான். சுத்தியலை மேனேஜர் எறிந்து காட்டினார். பிறகு பஞ்சாபி டிரைவர்கள், நேபாளிகள், நம் ஆட்கள் எல்லோரும் எறிந்தார்கள். சுத்தியலின் தலை கழன்று வரவில்லை. ஐம்பத்தாறு பவுண்டு எடைக்கட்டியில் வெல்டர் மாமா ஜெயித்தார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். நான் எல்லோரிடமும் ஓடி ஓடி, இதெல்லாம் எங்கப்பா செய்தது, சாக்கு எங்கம்மா செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாக்குப் போட்டி கடைசியில். இரண்டு கம்பத்துக்கு நடுவே குறுக்கே ஒரு குழாய். கவைக்கோலின் இரண்டு பல்லையும் சாக்கில் குத்தி, பின்பக்கமாகத் திரும்பி, தலைக்கு மேலாக வீச வேண்டும். சாக்கு மேலே போய், ஒரு விநாடி நின்று, குழாயைத் தாண்டி அந்தப் பக்கம் தொப்பென்று விழும். கூட்டம் ஓவென்று கத்தும். குழாயை ஒரு அடி ஏற்றுவார்கள். நான் பந்தலைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் மேலே பார்த்தார்கள். அம்மா மட்டும் சாக்கு விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை விழும்போதும் அவள் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது.

யாரோ ஒரு டிரைவர் கவைக்கோலை ஆவேசமாகக் குத்தி வீசினார். சாக்கு மேலே போகும்போதே பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. வானத்திலிருந்து துணிகள் உதிர்ந்தன. வெள்ளைச் சதுரங்கள் மெதுவாக, ஒவ்வொன்றாக, யார்டு முழுக்க விழுந்தன. ஆட்கள் சிரித்தார்கள், விசிலடித்தார்கள். ஒருவர் மஞ்சள் நிறச் சட்டை ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “யே கிஸ்கா ஹை?” என்று கேட்டார். உள்ளங்கை அகலம்தான் இருந்தது அந்தச் சட்டை.

எனக்குத் தெரிந்த பதில். எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று, வகுப்பில் கையைத் தூக்கிச் சொல்வது போல் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். “அது எங்க பேபியோடது! எங்க பேபி வரவே இல்லை!”

தமிழில் சொல்லியிருந்தால் பாதிப் பேருக்குப் புரியாமல் போயிருக்கும்.

சிரிப்பு அடங்கியது. சட்டையைத் தூக்கிப் பிடித்தவர் கையை மெல்ல இறக்கினார். வெல்டர் மாமாதான் முதலில் குனிந்தார். பிறகு அம்மா பந்தலிலிருந்து வந்து பட்டுச்சேலையோடு மண்ணில் மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தாள். அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய மேனேஜரும் அந்தக் கட்டம் போட்ட உடையோடு முழங்காலிட்டார். நவம்பரில் அப்பாவின் இரண்டு நாள் லீவு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். துணிகளைத் தன் மடியில் வைத்து, மண்ணை உதறி, மடிக்கத் தெரியாமல் மடித்து, இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். அம்மா, “இட்ஸ் ஓகே சார்” என்றாள்.

கழிவுத் துணியை அடைத்துக் கொண்டுவரட்டுமா என்று யாரோ கேட்டார்கள். மேனேஜர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். போட்டி அதோடு முடிந்தது. யார் ஜெயித்தது என்று முடிவாகாமலே முடிந்ததில் எனக்குப் பெரிய வருத்தம். திரும்பி வரும்போது அம்மா துணி மூட்டையோடு என்னருகே பின்சீட்டில் உட்கார்ந்தாள். எனக்கு இடமில்லை என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். இருவரும் என்னைத் திட்டவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை எனக்கு லீவு, அப்பாவுக்கு டூட்டி. அம்மா காலையிலேயே துணிகளையெல்லாம் வாளியில் ஊறப்போட்டுவிட்டாள். யார்டு மண்ணும் எண்ணெய்க் கறையும் போகக் கையாலேயே துவைத்தாள். பத்து மணிக்கு எங்கள் பால்கனிக் கொடியெல்லாம் வெள்ளைத் துணிகளாக ஆடின. கொடியில் இடம் போதாமல் கைப்பிடிச் சுவரிலும் போட்டிருந்தாள்.

எதிர்க் கட்டடத்தில் எங்கள் மாடிக்கு நேராக ஒரு மலையாளி சேச்சி இருந்தார். அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அக்டோபரில் ஊருக்குப் போனவர், முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். பால்கனிக்கு வந்தவர் எங்கள் கொடியைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றி எட்டிக் கூப்பிட்டார்.

“அய்யோ, பிரசவம் கழிஞ்ஞோ? நான் அறிஞ்ஞில்லல்லோ! மோனோ மோளோ?”

அம்மா கையில் ஒரு துணியோடு நின்றாள். நான் கதவோரம் நின்று, இப்போது என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தேன்.

“பையன் சேச்சி” என்றாள் அம்மா.

“ஆஹா! பேரு வச்சாச்சோ?”

அம்மா ஒரு பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை நான் எங்கள் வீட்டில் அதற்கு முன் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். சேச்சி அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து, நல்ல பேரு, சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி உள்ளே போனார்.

“அம்மா, நீ பொய் சொன்ன” என்றேன்.

“இல்லடி.”

“பையன்னு சொன்ன. பேரெல்லாம் சொன்ன.”

அம்மா கையிலிருந்த துணியை ஒரு உதறு உதறிக் கொடியில் போட்டாள். க்ளிப் மாட்டினாள். “போய் ஹோம்வொர்க் பண்ணு, போ.”

எனக்கு அநியாயமாகப் பட்டது. ஒரு சின்னப் பொய் சொன்னதற்காகப் போன வாரம்தான் அவளிடம் அடி வாங்கியிருந்தேன். அப்பா வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் போய்ச் சொல்லிவிட்டேன்.

“அப்பா, அம்மா சேச்சிகிட்டப் பொய் சொன்னா. நம்ம பாப்பா பையனாம். அதுக்குப் பேருகூட இருக்காம்.”

அப்பா பூட்ஸ் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். “என்ன பேரு சொன்னா?”

சொன்னேன்.

“என்ன?”

மறுபடி சொன்னேன். அவர் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கி, முகம் ஒரு மாதிரி கோணியிருந்தது. “இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார்.

பட்டறைச் சத்தத்தில் வேலை பார்த்துப் பார்த்து அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். அதனால் அவர் காதருகே குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் கேட்கும்படி, உரக்க என் தம்பியின் பெயரைச் சொன்னேன்.